கல்நார்த் தூசு: அன்று ஆலையில், இன்று நாக்காவில்

நவி மும்பையின் வாஷியில் இது இடிப்புக் காலம். சிட்கோ நிறுவனம் தொடக்கக் காலத்தில் கட்டிக்கொடுத்த பழைய குடியிருப்புகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. 9, 10-ஆம் செக்டர் பக்கம் நடந்தால் பச்சை வலை போர்த்திய கட்டடங்களும் லாரிகளும்தான் கண்ணில் படும். எங்கும் ரீடெவலப்மெண்ட் பேச்சு. எத்தனை சதுர அடி கூடும், எத்தனை வருஷம் வாடகை கிடைக்கும், கார் நிறுத்த இடம் உண்டா என்று வீட்டுக்கு வீடு கணக்குப் போடுகிறார்கள்.

இடிப்பு தொடங்கும்போது முதலில் இறங்குவது மொட்டைமாடிப் பத்ரா, அதாவது கூரைப் பலகை. மழைக் கசிவுக்குப் பயந்து சொசைட்டிகள் போட்ட கொட்டகை, வாட்ச்மேன் அறை, மோட்டார் அறை, சைக்கிள் ஷெட் எல்லாவற்றின் மேலும் அந்தச் சாம்பல் நிற வளைவுப் பலகைகள்தான். தகரமும் வண்ணம் பூசிய இரும்பும் பின்னால் வந்தவை. பழையவற்றில் பெரும்பாலானவை சிமெண்ட் பத்ரா. அதாவது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நார். அதை மேலிருந்து அப்படியே கீழே எறிகிறார்கள். விழுந்து நொறுங்கும்போது ஒரு வெண்புகை எழுந்து அடங்குகிறது. கைக்குட்டையை மூக்கில் கட்டிய பையன்கள் சம்மட்டியால் இன்னும் சிறிதாக உடைக்கிறார்கள். பெண்கள் கமேலாச் சட்டியில் அள்ளித் தலையில் வைத்து லாரியில் கொட்டுகிறார்கள்.

இந்தத் தூசு மும்பைக்குப் புதிதல்ல. அன்றும் இதைச் சுவாசித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு ஓர் ஆலை இருந்தது, அதற்கு ஒரு கேட் இருந்தது, ஹாஜிரி என்ற வருகைப் புத்தகத்தில் பெயர் இருந்தது, பி.எஃப். எண் இருந்தது. இன்று சுவாசிப்பவர்களுக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. கல்நார் விஷயத்தில் இத்தனை ஆண்டுகளில் மும்பை கண்ட மாற்றங்களில் என்னை மிகவும் கலங்கவைப்பது இதுதான்.

ஆலைக் காலத்துக் கதை குர்லாவிலிருந்து காட்கோபர், பாண்டுப் வழியாக முலுண்ட் செல்லும் லால் பகதூர் சாஸ்திரி மார்க்கில் நடந்தது. இப்போது அந்தச் சாலையில் மால்களையும் வானளாவும் குடியிருப்புகளையும் பார்ப்பவர்களுக்கு, ஒரு காலத்தில் அது முழுக்கச் சங்கு ஊதும் சாலையாக இருந்தது என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். கமானி, பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் என்று பெரிய பெயர்கள் நின்ற அந்த வரிசையில் கல்நார் ஆலைகளும் இருந்தன. 1930-களில் முலுண்டில் கல்நார் சிமெண்ட் ஆலை எழுந்தது. கூரைப் பலகையும் குழாயும் அங்கே உருவாயின. 1950-களில் காட்கோபரில் ஹிந்துஸ்தான் ஃபெரோடோ வந்தது. வண்டிகளுக்கு பிரேக் லைனிங், கிளட்ச் பட்டை, கல்நார் நூல், துணி அங்கே தயாராயின. இரண்டின் பின்னாலும் பிரிட்டனின் டர்னர் அண்ட் நியூவால் நிறுவனத்தின் முதலீடு இருந்தது.

அந்த நிறுவனத்தின் வேர் இங்கிலாந்தின் ராச்டேல் நகரம். அங்கே டர்னர் சகோதரர்களின் கல்நார் ஆலையில் நூல் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924-இல் தமது 33-ஆம் வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் குக் அதில் கல்நார் துகள்கள் இருப்பதைக் கண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். கல்நாரால் விளைந்த மரணம் என்று மருத்துவ இலக்கியத்தில் தெளிவாகப் பதிவான தொடக்க நிகழ்வுகளில் அது ஒன்று. நிறுவனம் பொறுப்பேற்க மறுத்துவிட்டது. அதற்குப் பிறகு பிரிட்டிஷ் அரசே ஆய்வுக்கு ஆட்களை அனுப்பியது. 1930-இல் வெளிவந்த அந்த அறிக்கைக்காகப் பரிசோதிக்கப்பட்ட 363 தொழிலாளர்களில் 95 பேருக்கு நுரையீரல் தழும்பேறி இருந்தது. நாலில் ஒருவருக்கும் மேல். 1931-இல் தூசைக் கட்டுப்படுத்தும் விதிகள் அங்கே வந்தன.

ஆண்டுகளைக் கவனியுங்கள். ராச்டேல் மரணம் 1924, அறிக்கை 1930, விதிகள் 1931. முலுண்ட் ஆலை அதற்குப் பின்னால். காட்கோபர் ஆலை இன்னும் கால் நூற்றாண்டு கழித்து. ஆகவே, "அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்?" என்று எவராவது சொன்னால் அது உண்மையல்ல. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. மும்பைத் தொழிலாளிக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் கல்நார் ஆலைகளில் கோணிப்பையைக் கையால் கிழித்துக் கொட்டும் இடம், நூல் நூற்கும் இடம், பிரேக் பட்டையைத் தேய்த்துத் துளையிடும் இடம், இந்த மூன்றும் தூசு மண்டிய இடங்கள். வேலை முடிந்து வெளியே வரும்போது தலைமுடியும் புருவமும் வெளுத்திருக்கும். அதே சட்டையோடு வீட்டுக்குப் போவார்கள். பத்துக்குப் பத்து அறையில் அந்தச் சட்டையை உதறித் துவைத்தது மனைவி. அப்பா வந்தவுடன் தாவி ஏறியது குழந்தை. லண்டனில் நியூஹவுஸும் தாம்சனும் 1965-இல் வெளியிட்ட ஆய்வு, ஆலைக்குள் காலடி வைக்காமலே, கல்நார்த் தொழிலாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்ததாலும் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்ததாலும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வந்தவர்களைப் பதிவுசெய்தது. சால் அறைகளிலும் ஜோப்படிக் குடிசைகளிலும் குடும்பம் நடத்திய மும்பைக்கு அந்த ஆய்வு எவ்வளவு பொருத்தம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கழிமுகத்தின் இந்தப் பக்கம், நாங்கள் இருக்கும் வாஷிக் கரையில், கல்நார் வேறு வழியாக வந்தது. 1960-களில் எம்.ஐ.டி.சி. தானே–பேலாப்பூர் சாலையோரம் தொழிற்பேட்டையை உருவாக்கியது. 1970-இல் சிட்கோ பிறந்தது. 1973-இல் கழிமுகத்தின் மேல் பாலம் வந்தது. மாட்டுங்கா, செம்பூர், தாராவித் தமிழர்கள் பலர் பாலம் தாண்டி வாஷிக்கு வந்ததும் அதற்குப் பிறகுதான். 1992-இல் மான்குர்டிலிருந்து ரயில் வந்ததும் அந்த வரவு பெருகியது. தானே–பேலாப்பூர் சாலையோர ரசாயன ஆலைகளில் கல்நார்ப் பொருள்களைத் தயாரிக்கவில்லை, பயன்படுத்தினார்கள். கொதி நீராவி ஓடும் குழாய்களுக்கும் பாய்லர்களுக்கும் சூடு வெளியேறாமல் மேலே பூசுவதை லேகிங் என்பார்கள். கல்நார்ப் பொடியை டிரம்மில் கொட்டித் தண்ணீர் விட்டுப் பிசைந்து கையால் அப்புவார்கள். பழுது பார்க்கும்போது அந்தக் காய்ந்த பூச்சை உளியால் தட்டிப் பெயர்ப்பார்கள். குழாய் இணைப்புகளுக்கு சி.ஏ.எஃப். என்ற கல்நார் ஷீட்டை வெட்டி கேஸ்கெட் செய்வார்கள். வால்வுக்குக் கல்நார்க் கயிறு. வெல்டருக்குக் கல்நார்த் துணிக் கையுறை. தயாரிக்கும் ஆலைக்காரர்களுக்காவது தாங்கள் கையாளுவது எது என்று தெரியும். ஃபிட்டருக்கும் லேகிங் ஆளுக்கும் அது வெறும் "பாக்கிங் சாமான்".

கல்நார் என்ன செய்கிறது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த நோயைப் பற்றி மும்பையில் பரவியிருக்கும் தவறான எண்ணங்களே பாதி கேடு. கல்நார் ஒரு கனிமம். நாராகப் பிரியும் கல். அந்த நார்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, தலைமுடியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லியதாகப் பிரியக் கூடியவை. நாம் காணும் வெண்புகை அதன் முரட்டுப் பகுதி மட்டுமே. அது படிந்த பிறகும் கண்ணுக்குத் தெரியாதது மணிக்கணக்கில் காற்றில் நிற்கிறது. அது மூச்சோடு நுரையீரலின் கடைசி நுண்ணறை வரை போகிறது. தொண்டையில் சிக்கிய மீன்முள்ளை மருத்துவர் எடுத்துவிடலாம். நுரையீரலில் குத்திய இந்த நாருக்கு அப்படி வழியில்லை. உடலின் காவல் செல்கள் அதை விழுங்கப் பார்த்துத் தாமே சிதைகின்றன. அந்த இடத்தில் புண், புண்ணின் மேல் தழும்பு, தழும்பின் மேல் தழும்பு. பஞ்சாக இருந்த நுரையீரல் மெல்ல மெல்ல இறுகுகிறது. இதுதான் ஆஸ்பெஸ்டோசிஸ். முதலில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பிறகு சமதரையில் நடந்தாலே வாங்கும். கடைசியில் உட்கார்ந்திருந்தாலும் வாங்கும். மருத்துவர் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் மூச்சு இழுக்கும்போது அடிநுரையீரலில் நொறுநொறுவென்று சத்தம் கேட்கும். இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது.

நுரையீரல் புற்றுநோய் இன்னொன்று. நுரையீரலைச் சுற்றிய உறையிலும் வயிற்று உறையிலும் வரும் மீசோதீலியோமா மற்றொன்று. இந்த நோய்கள் தூசு உள்ளே போன அன்றைக்கு வருவதில்லை. பத்து ஆண்டு, இருபது ஆண்டு, மீசோதீலியோமா என்றால் நாற்பது ஆண்டுகூட ஆகும். வேலையை விட்டு, ஊர் மாறி, பேரன் பேத்தி எடுத்த பிறகு வரும். வேலையையும் நோயையும் முடிச்சுப் போடுவதற்குள் முதலாளி மாறியிருப்பான், ஆலையே இருக்காது.

மும்பையில் இதற்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. இது காசநோய் மிகுந்த நகரம். கோவண்டி, மான்குர்ட், தாராவி போன்ற இடங்களிலிருந்து ஒருவர் இருமிக்கொண்டு மூச்சுவாங்க வந்தால், எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால், எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது டி.பி.தான். ஆறு மாதம் மருந்து சாப்பிடுவார். குணம் தெரியாது. மறுபடி மருந்து. "பீடி குடிச்சது நெஞ்சக் கெடுத்திருச்சு" என்று வீட்டிலும் சொல்வார்கள். பீடியைக் குறை சொல்வதில் தவறில்லை. ஆனால் அது பாதி உண்மை. அமெரிக்க இன்சுலேஷன் தொழிலாளர்களிடம் செலிகாஃபும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வில், கல்நார் வேலையும் புகைப்பழக்கமும் சேர்ந்தவர்களுக்கு, இரண்டும் இல்லாதவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் மரணம் சுமார் 50 மடங்கு இருந்தது. கல்நார் தனியாக 5 மடங்கு, புகை தனியாக 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 50. புகைக்கிறவரிடம் "உமக்குப் பீடியால் வந்தது" என்று சொல்லி அனுப்பிவிடும் மருத்துவர், "என்ன வேலை செய்தீர்கள்?" என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 1984-இல் போபால் விஷவாயு விபத்து நடந்தது. அதன் அதிர்ச்சியில் 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்தான தொழிலில் இருப்பவருக்குத் தம்முடைய வேலையின் அபாயத்தை அறியும் உரிமையும் மருத்துவப் பரிசோதனையும் எழுத்தில் வந்தன. அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் கல்நார்த் தொழிலாளர்களுக்காக உச்ச நீதிமன்றம் போனது. 1995 ஜனவரி 27 அன்று தீர்ப்பு வந்தது. தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது நீதிமன்றம். ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகளோ வேலையை விட்ட பிறகு 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை ஆலை வைத்திருக்க வேண்டும் என்றது. அந்த வழக்கில் நோய் உறுதியாகும் தொழிலாளிகளுக்குத் தலா 1 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 40 ஆண்டு என்ற அந்த எண்ணில் நோயின் இயல்பை உணர்ந்த ஒரு நீதி இருந்தது. நோய் 40 ஆண்டு காத்திருக்கிறதா, காகிதமும் 40 ஆண்டு காத்திருக்கட்டும்.

ஆனால் காகிதம் யாருடைய பெயரில்? தீர்ப்பு வந்து பத்து ஆண்டு கழித்து, 2005-இல், மும்பையின் ஒரு கல்நார் ஆலையில் 181 தொழிலாளர்களைப் பரிசோதித்த ஆய்வு வெளிவந்தது. மும்பையின் தொழில்சார் நலம், பாதுகாப்பு மையத்தைச் சேர்ந்த மருத்துவர் முரளிதரும் விஜய் கான்ஹேரேயும் செய்தது. ஐந்தில் ஒருவருக்கும் மேல் ஆஸ்பெஸ்டோசிஸ் இருந்தது. இதை 1930 பிரிட்டிஷ் அறிக்கையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே நாலில் ஒருவர், இங்கே ஐந்தில் ஒருவர். இடையில் 75 ஆண்டு. பிரிட்டனே 1999-இல் கல்நாரைத் தடைசெய்து ஆறு ஆண்டு ஆகியிருந்தது. இந்த இரண்டு எண்களுக்கு மேல் எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

டர்னர் அண்ட் நியூவால் நிறுவனத்தை 1998-இல் அமெரிக்காவின் ஃபெடரல்-மொகல் வாங்கியது. நோயாளிகளின் வழக்குகள் குவிந்து 2001-இல் அது திவால் நடவடிக்கைக்குள் போனது. நோயாளிகளுக்கென அமைக்கப்பட்ட அறக்கட்டளைக்கு மும்பைத் தொழிலாளர்களும் கோரிக்கை வைக்க முடிந்தது. எதை வைத்து? பழைய அடையாள அட்டை, பி.எஃப். சீட்டு, சம்பளச் சீட்டு. டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருந்த அந்தத் துண்டுக் காகிதம்தான் லண்டன் வரை பேசியது. அன்றைய ஆலை கொடுமையானது. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அது தன் தொழிலாளியின் பெயரை எழுதி வைத்திருந்தது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு சங்கம் போராடியது, மருத்துவர் தேடி வந்தார், நீதிமன்றம் உத்தரவு போட்டது.

இன்று முலுண்டிலும் காட்கோபரிலும் அந்த ஆலைகள் இயங்கவில்லை. தானே–பேலாப்பூர் சாலையில் ரசாயன ஆலைகள் நின்ற பல இடங்களில் கண்ணாடிச் சுவர் ஐ.டி. அலுவலகங்கள். மும்பையில் கல்நார்ப் பிரச்சினை முடிந்துவிட்டது என்று ஒருவர் நினைத்தால் அதில் வியப்பில்லை. ஆனால் இந்தியா இன்று உலகிலேயே அதிகமாகக் கல்நார் இறக்குமதி செய்யும் நாடு. பல ஆண்டுகளில் 3 லட்சம் டன்னுக்கும் மேல், பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து. நம் நாட்டுக் கல்நார்ச் சுரங்கங்களின் குத்தகையைப் புதுப்பிப்பதை 1993-இல் நிறுத்திவிட்டோம். தோண்டுபவருக்கு ஆபத்து என்று ஒப்புக்கொண்ட பொருளை அடுத்த நாட்டில் தோண்டி வாங்கி நம் ஆள் கையில் கொடுக்கிறோம். கல்நார்க் கழிவை இறக்குமதி செய்வதற்கு 2016 அபாயக் கழிவு விதிகளில் தடை இருக்கிறது. புதுக் கல்நாருக்கு வாசல் திறந்தே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல், ஜப்பான் படிப்படியாக 2012-க்குள், பெரும் சுரங்க நாடாக இருந்த கனடா 2018-இல், அமெரிக்கா கிரிசோடைல் என்ற வெள்ளைக் கல்நாரை 2024-இல் என்று தடைசெய்துவிட்டன. அதே கிரிசோடைலை ராட்டர்டாம் ஒப்பந்தத்தின் அபாயப் பட்டியலில் சேர்க்க இந்தியா 2011-இல் சம்மதித்தது. 2013-இல் பின்வாங்கியது. அந்தப் பட்டியல் தடைகூட அல்ல. ஏற்றுமதி செய்பவர் அபாயத்தைச் சொல்லி, வாங்குபவரின் சம்மதம் பெற வேண்டும் என்பது மட்டுமே. அதற்கும் நாம் இசையவில்லை.

கல்நாரின் எல்லா வகையும் புற்றுநோய் தருபவை, இவ்வளவுதான் என்றால் ஆபத்தில்லை என்று சொல்லும் அளவு எதுவும் இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. தொழிலிடத்தில் கல்நாரைச் சுவாசித்ததால் உலகில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்பது அதன் மதிப்பீடு. சிமெண்ட்டுக்குள் பிணைந்து, உடையாமல் கூரை மேல் கிடக்கும் பத்ராவால் அதன் கீழே வசிப்பவருக்கு ஆபத்து குறைவு என்பது உண்மைதான். யாரும் பயந்து இன்றிரவே கூரையைப் பிரிக்க வேண்டாம். பிரிக்கும்போதுதான் ஆபத்து. வெட்டும்போது, துளையிடும்போது, உடைக்கும்போது, உடைத்ததை உலர்ந்தபடி பெருக்கும்போது. வாஷி இப்போது செய்துகொண்டிருப்பது இவை எல்லாவற்றையும்தான்.

அந்த வேலையைச் செய்பவர்கள் காலையில், கூலிக்கு ஆள் எடுக்கும் சந்தியான நாக்காவில் நிற்கிறார்கள். லாத்தூர், நாந்தேட், ஜால்னாவிலிருந்து வந்தவர்கள், பீகார், உத்தரப் பிரதேசத்துப் பையன்கள். நம்மவர்களும் உண்டு. முக்காதம் எனப்படும் ஒரு மேஸ்திரி வருகிறார், பத்துப் பேரைக் கைகாட்டிக் கூட்டிப் போகிறார். அன்று ஒரு சொசைட்டி, நாளை வேறு செக்டர், அடுத்த வாரம் தானே. கூலி மாலையில் கைக்கு வருகிறது. எந்தப் புத்தகத்திலும் பெயர் ஏறுவதில்லை. மே மாதக் கடைசியில், மழைக்கு முன்னால் பத்ரா மாற்றும் அவசரத்தில், கட்டிங் மெஷினை வைத்து அளவுக்கு வெட்டுவார்கள். அந்த மெஷின் ஒரு நிமிடத்தில் கிளப்பும் தூசு, கைவாளால் அறுப்பதைவிடப் பலமடங்கு. 22 வயதுப் பையனுக்கு இன்று உள்ளே போகிற நார் அவனுடைய 50, 60 வயதில் பேசும். அன்று அவன் லாத்தூரில் ஏதோ ஒரு கிராமத்தில் இருமிக்கொண்டு இருப்பான். வாஷியில் எந்தச் சொசைட்டியின் கூரையை உடைத்தோம் என்பது அவனுக்கே நினைவிருக்காது. உச்ச நீதிமன்றம் சொன்ன 40 ஆண்டுப் பதிவேட்டில் அவனுக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் பத்ரா இறக்கும்போது நானே முக்காதத்திடம் போய்க் கேட்டேன், தண்ணீர் அடித்து, முழுசாக இறக்கக் கூடாதா என்று. தாராவியிலிருந்து வரும் நெல்லைக்காரர். மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "ஒரு நாள்ல முடியுத வேலை அண்ணாச்சி. தண்ணி தெளிச்சு, போல்ட்டக் கழத்தி, ஒவ்வொண்ணா எறக்குனா மூணு நாளாவும். அந்த ரெண்டு நாள் கூலிய எவன் குடுப்பான்?" அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. அந்த இரண்டு நாள் கூலியை ஒப்பந்தத்தில் யாரும் எழுதவில்லை. வீட்டுக்கு வீடு கோடிக்கணக்கில் மதிப்பு ஏறப்போகிற ஒரு திட்டத்தில், பத்துப் பேருடைய இரண்டு நாள் கூலி எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு மறுபக்கமும் உலகில் நடந்திருக்கிறது. 2005-இன் கடைசியில் பிரான்ஸ் தன் பழைய போர்க்கப்பல் கிளெமான்சோவைக் குஜராத்தின் ஆலங் கடற்கரைக்கு உடைக்க அனுப்பியது. அதில் இருந்த கல்நாரைச் சொல்லி எதிர்ப்பு எழுந்து, வழக்கு நடந்து, பிரெஞ்சு அதிபர் சிராக் கப்பலைத் திரும்ப அழைத்துக்கொண்டார். பிறகு அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில், முறையான கவச ஏற்பாடுகளோடு உடைக்கப்பட்டது. ஒரு கப்பலுக்காக இரண்டு நாடுகள் விழித்துக்கொண்டன. வாஷியில் ஒவ்வொரு கட்டடமாக இறங்குவதற்கு யாரும் விழிக்கவில்லை.

உடைத்த பிறகு அது எங்கே போகிறது என்பதும் கேட்க வேண்டியது. இரவோடு இரவாகக் கழிமுகத்தின் சதுப்புக் காட்டோரம் இடிபாட்டைக் கொட்டுவது நவி மும்பையின் பழைய நோய். அபாயக் கழிவைப் புதைக்கும் முறையான தளங்கள் தொலைவில் இல்லை. மஹாபேயில் ஒன்று, தலோஜாவில் ஒன்று. அங்கே கொண்டுபோக லாரிக்காரருக்கு யாராவது காசு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. கூரையைப் பிரிக்கும் முன் நன்றாக நனைக்க வேண்டும். போல்ட்டைக் கழற்றி, பத்ராவை முழுசாக இறக்க வேண்டும். எறியக் கூடாது, சம்மட்டி கூடாது, கட்டிங் மெஷின் கூடவே கூடாது. தடித்த பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒட்ட வேண்டும். கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் பயனற்றவை. கோவிட் காலத்து என்95-உம் கல்நாருக்குப் போதாது, பி100 வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும். சிதறிய தூசைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். போட்ட சட்டையை அங்கேயே கழற்றிவிட்டுக் குளித்து வீட்டுக்குப் போக வசதி வேண்டும். கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய, கடந்த ஓராண்டில் 90 நாள் வேலை பார்த்ததற்குச் சான்று கேட்கிறார்கள். அந்தச் சான்றில் கையெழுத்துப் போட மறுக்கும் காண்டிராக்டருக்கு எந்தச் சொசைட்டியும் வேலை கொடுக்கக் கூடாது. நாக்காப் பையனின் பெயர் ஏறக்கூடிய ஒரே புத்தகம் இன்று அதுதான்.

அரசுக்கு ஜப்பானைக் காட்டுகிறேன். 2005-இல் அமாகசாகி நகரத்தில், ஒரு குபோட்டா ஆலையைச் சுற்றிக் குடியிருந்த பொதுமக்களுக்கே மீசோதீலியோமா வந்தது வெளியானபோது அந்த நாடு அதிர்ந்தது. அடுத்த ஆண்டே ஒரு நிவாரணச் சட்டம் வந்தது. முதலாளி யார் என்று நிரூபிக்க முடியாதவருக்கும், தொழிலாளியாகவே இல்லாதவருக்கும் நோயை மட்டும் வைத்து உதவித்தொகை. நாக்காவில் நிற்பவனுக்குப் பொருந்துவது அப்படிப்பட்ட சட்டம்தான். இறக்குமதியாகும் ஒவ்வொரு டன் கல்நாருக்கும் ஒரு வரி போட்டு, அதில் அப்படி ஒரு நிதியை இந்தியா தொடங்கலாம். அதற்கு முன் இறக்குமதியையே நிறுத்துவது இன்னும் நல்லது. கல்நார் கலக்காத சிமெண்ட் பலகைகளும் உலோகக் கூரைகளும் சந்தையில் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

உங்கள் வீட்டிலோ உறவிலோ ஆலையில் லேகிங், பிரேக் லைனிங், பாய்லர், பத்ரா வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் இருந்தால், மூச்சுவாங்குவதை வயதின் மேல் போடாதீர்கள். மருத்துவரிடம் முதல் வாக்கியமாக அவர் செய்த வேலையைச் சொல்லுங்கள். ஸ்பைரோமெட்ரியும் எச்.ஆர்.சி.டி. ஸ்கேனும் தேவையா என்று கேளுங்கள். பழைய அடையாள அட்டையையும் பி.எஃப். சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். இ.எஸ்.ஐ.க்கும் தொழிலாளர் இழப்பீட்டுக்கும் உரிய சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் ஆஸ்பெஸ்டோசிஸ் இருக்கிறது. உங்கள் கட்டடம் ரீடெவலப்மெண்டுக்குப் போகிறதென்றால், அடுத்த சொசைட்டிக் கூட்டத்தில் சதுர அடிக் கணக்கு முடிந்ததும் எழுந்து ஒரு கேள்வி கேளுங்கள்: மாடியில் கிடக்கும் பத்ராவை யார், எப்படி இறக்கப் போகிறார்கள், அதற்கான கூலி ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது? பதில் எழுத்தில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.